தண்ணி மாதிரி இருன்னு யாருக்குச் சொன்னாங்க?

ஆபீஸ்ல ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு எல்லாருக்கும் அரசல்புரசலா தெரிஞ்சிருந்த நேரத்துல, மாற்றத்தை எப்படி ஏத்துக்கிறதுன்னு ஒரு ட்ரெய்னிங் வச்சாங்க. கம்பெனி பேரு வேண்டாம், எல்லா கம்பெனியிலயும் இது நடக்கறதுதான். ஸ்லைடுல மூங்கில் காடு, நடுவுல ஒரு ஓடை, கீழ "தண்ணீரைப் போல இரு – லாவோ ட்சு". ட்ரெய்னர் நல்ல மனுஷன், குரல்ல ஒரு இதம் இருந்துச்சு. கப்புல ஊத்துனா தண்ணி கப்பு மாதிரி ஆகுது, பாட்டில்ல ஊத்துனா பாட்டில் மாதிரி ஆகுது, எதிர்த்து நிக்காதீங்க, வளைஞ்சு குடுங்க, அதுதான் தாவோ, அதாவது வழின்னு சொன்னாரு. (அந்த கப்பு டயலாக் புரூஸ் லீ 1971ல ஒரு டிவி பேட்டியில சொன்னது. அதை லாவோ ட்சு கணக்குல எழுதிட்டாங்க. போகட்டும்.) நாங்களும் தலையாட்டிட்டு பிஸ்கட் சாப்பிட்டுட்டு வந்துட்டோம். ஆனா அந்த ஸ்லைடு எனக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வசனத்துக்கு ஆள் பேரு மாத்திப் போட்டதெல்லாம் இல்ல, அந்த அட்வைஸை யாரு யாருக்குச் சொல்றாங்கங்கறதுதான் பிரச்சினை. வேலையை விட்டுத் தூக்கற அதிகாரம் இருக்கறவன், தூக்கப்படப் போறவனைப் பாத்து நெகிழ்வா இருன்னு சொல்றான். ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் சொன்னது நெஜமாவே இதுதானா?

லாவோ ட்சு எழுதுனதா சொல்ற தாவோ தே ஜிங் ரொம்பச் சின்னப் புத்தகம். 81 அத்தியாயம், மொத்தமே ஒரு 5000 சீன எழுத்துதான். ஒரே சாயங்காலத்துல படிச்சு முடிச்சிடலாம், அதுவே அதுக்கு சாபமாவும் ஆயிடுச்சு, யாரு வேணா ரெண்டு வரியைப் பிச்சு எங்க வேணா ஒட்டிக்கலாம். அதுல தண்ணி முக்கியமா மூணு இடத்துல வரும். 8வது அத்தியாயத்துல, உயர்ந்த நன்மை தண்ணி மாதிரி, அது எல்லாத்துக்கும் நல்லது பண்ணுது, யாரோடயும் போட்டி போடறதில்ல, எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒதுங்குற இடத்துல போய்த் தங்குதுன்னு வரும். 66ல, ஆறும் கடலும் எப்படி நூறு பள்ளத்தாக்குக்கு ராஜா ஆச்சு, அதுங்களை விடக் கீழ இருக்கறதாலதான், அதனால ஜனங்களுக்கு மேல இருக்க நினைக்கிறவன் பேச்சுல அவங்களுக்குக் கீழ நிக்கணும்னு வரும். மூணாவது 78. உலகத்துல தண்ணியை விட மெத்துனது எதுவும் இல்ல, ஆனா கெட்டியானதைத் தாக்குறதுல அதை மிஞ்ச ஆளில்ல, பலவீனம் பலத்தை ஜெயிக்கும், இது எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் செய்ய வராது. போஸ்டர்ல இதுவரைக்கும்தான் வரும். அதே அத்தியாயத்துல அடுத்த வரி என்னன்னா, நாட்டோட அழுக்கைத் தன் மேல ஏத்துக்கறவன்தான் நாட்டுக்குத் தலைவன், நாட்டுக்கு வர்ற கேட்டைத் தான் சுமக்கறவன்தான் உலகத்துக்கு ராஜா.

அந்த வரியை மொதல் தடவை நின்னு படிச்சப்போ எனக்கு மொத்தப் புத்தகமும் அப்படியே திரும்பி உக்காந்த மாதிரி இருந்துச்சு. தண்ணி மாதிரி இருன்னு சொன்னது ராஜாவைப் பாத்து. கீழ போ, அழுக்கை நீ வாங்கிக்கோ, பெருமையை விட்டுக்குடுன்னு மேல இருக்கறவனுக்குச் சொன்னது. அதுக்கப்புறம் மறுபடி மொதல்லருந்து, இது யாரைப் பாத்துப் பேசுதுன்னு ஒரே ஒரு கேள்வியை மட்டும் வச்சுக்கிட்டுப் படிச்சேன். பாதிக்கு மேல ஆள்றவனோட காதுல சொல்ற பேச்சாத்தான் இருக்கு. 60ல, பெரிய நாட்டை ஆள்றது சின்ன மீனைச் சமைக்கிற மாதிரின்னு ஒரு வரி, விளக்கமே கிடையாது. நெத்திலி வறுத்தவங்களுக்கு விளக்கம் தேவையும் இல்ல, சும்மா சும்மா கரண்டியை விட்டுப் புரட்டுனா சட்டியில மீனு இருக்காது, தூளுதான் இருக்கும். 57ல இன்னும் நேரடியா, தடை அதிகமாக ஆக ஜனங்க ஏழையாவாங்க, சட்டம் அதிகமாக ஆக திருடங்க அதிகமாவாங்க, நான் எதுவும் செய்யாம இருந்தேன், ஜனங்க தானா மாறினாங்கன்னு வருது. அந்த "நான்" ஒரு ஆட்சியாளன். கடைசியா 75. ஜனங்க ஏன் பட்டினி கிடக்கறாங்க? மேல இருக்கறவங்க வரியை அளவில்லாம தின்னறதால. ஜனங்களை ஆள்றது ஏன் கஷ்டமா இருக்கு? மேல இருக்கறவங்க எதையாவது செஞ்சுக்கிட்டே இருக்கறதால. வூ வெய், செயலின்மைன்னு ஊரெல்லாம் பேசறாங்களே, அதோட எதிர்ப்பதத்தைப் போட்டு, அந்தக் குத்தத்தை யாரு தலையில வைக்குதுன்னு பாருங்க.

சும்மா இருன்னு நம்ம ஊருப் பெரியவங்க சொன்னதையும் இதையும் சேத்து முடிச்சுப் போடற ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கு அதுல இஷ்டமில்ல. அது உள்முகமா ஒரு பக்தன் தேடுனது, இதுக்குப் பின்னாடி வரியும் போரும் இருக்கு.

குதிரைங்க எங்க இருந்துச்சு

போர்னு சொல்றது சும்மா இல்ல. இந்தப் புத்தகம் உருவான காலத்துக்குப் பேரே போரிடும் அரசுகள் காலம், சுமாரா கி.மு. 475லருந்து 221 வரைக்கும். ஏழு பெரிய நாடு, ஒவ்வொண்ணும் மத்ததை முழுங்கப் பாக்குது, அதுக்காக மொத மொதல்ல ஜனங்களை எண்ணி, பேரைப் பதிஞ்சு, வரி போட்டு, பட்டாளத்துக்கு இழுக்கற எந்திரம் மாதிரி அரசாங்கத்தை மாத்துறாங்க. கி.மு. 4ம் நூற்றாண்டு நடுவுல ச்சின் நாட்டுல ஷாங் யாங்னு ஒரு மந்திரி, அஞ்சு அஞ்சு வீடா கட்டி ஒருத்தன் தப்புக்கு மத்தவனும் தண்டனை வாங்கணும்னு வச்சாரு, போர்ல எத்தனை தலை வெட்டிட்டு வர்றியோ அதுக்கேத்த பதவின்னு வச்சாரு. அது எங்க போய் முடிஞ்சுதுன்னா, கி.மு. 260ல சாங்பிங்ல சரணடைஞ்ச ஜாவ் நாட்டு வீரங்க 4 லட்சத்துக்கு மேல கொல்லப்பட்டதா பழைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதறாரு, எண்ணிக்கை மிகையா இருக்கலாம்னு இப்ப பல பேரு சொல்றாங்க, பாதியா இருந்தாலும் என்ன பெருசா குறைஞ்சிடப் போகுது. இந்தப் பின்னணியை வச்சுக்கிட்டு 46ஐப் படிங்க, உலகத்துல தாவோ இருந்தா வேகமா ஓடற குதிரைங்க வயலுக்கு எரு சுமக்கும், இல்லாதப்போ போர்க்குதிரைங்க ஊர் எல்லையில வளரும். 30ல, படை தங்குன இடத்துல முள்ளுதான் முளைக்கும். 31ல, போர்ல ஜெயிச்சா அதை சாவுச் சடங்கு மாதிரி நடத்தணும். 53ல, அரண்மனை பளபளன்னு இருக்கு, வயல்ல களை மண்டிக் கிடக்கு, களஞ்சியம் காலி, இவங்க பட்டு உடுத்தி கத்தி சொருகிக்கிட்டு திங்க முடியாத அளவுக்குத் தின்னுட்டுத் திரியறாங்க, இதுக்குப் பேரு கொள்ளைக்காரனோட பகட்டு. மூங்கில் காட்டு ஸ்லைடுல இதைப் போடச் சொல்லுங்க பாப்போம்.

அப்போ தாவோங்கற அந்தப் பெரிய விஷயம் என்ன ஆச்சு, வெறும் அரசியல்தானான்னு கேப்பீங்க. அதையும் இதையும் பிரிக்க முடியாதுன்னுதான் எனக்குத் தோணுது. 25ல ஒண்ணு வருது, வானமும் பூமியும் பொறக்கறதுக்கு முன்னாடியே கலங்கலா ஏதோ ஒண்ணு இருந்துச்சு, சத்தமில்ல, உருவமில்ல, தனியா நிக்குது, அதுக்குப் பேரு தெரியாது, தாவோன்னு கூப்பிட்டுக்கறேன். அது கட்டளை போடறதில்ல. மழையை வான்னு யாரும் கூப்பிடல, வெதையை முளைன்னு யாரும் அதட்டல, எல்லாம் அதது பாட்டுக்கு நடக்குது. அதுக்கு ட்சூ ரான்னு பேரு, தானாவே அப்படி இருக்கறதுன்னு வச்சுக்கலாம். அதுக்காகக் கருணை வடிவான கடவுள்னும் நினைச்சுடக் கூடாது, 5வது அத்தியாயம் மூஞ்சியில அடிச்ச மாதிரி வானத்துக்கும் பூமிக்கும் இரக்கம் கிடையாது, எல்லாத்தையும் வைக்கோல் நாய் மாதிரி நடத்துதுன்னு சொல்லும். சடங்குக்கு வைக்கோல்ல நாய் பண்ணி மரியாதையா வைப்பாங்க, சடங்கு முடிஞ்சதும் தெருவுல வீசிடுவாங்க, அந்த நாய். இரக்கமும் இல்ல, விரோதமும் இல்ல, தலையிடறதும் இல்ல, ஆனாலும் உலகம் ஓடுது. அப்புறம் நீ எதுக்குடா எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கறன்னுதான் ராஜாகிட்ட கேக்குது. 17ல நல்ல ஆட்சியாளனைப் பத்திச் சொல்லும்போது, அப்படி ஒருத்தன் இருக்கான்னு மட்டும்தான் ஜனங்களுக்குத் தெரியும், வேலை முடிஞ்சதும் இது நாங்களா செஞ்சோம்னு சொல்லிக்குவாங்கன்னு வருது. தாவோ உலகத்துல எப்படி இருக்கோ அப்படி ராஜா நாட்டுல இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு.

எழுதினவர் யாருன்னு ரொம்ப நோண்ட வேண்டியதில்ல. கி.மு. 100 சுமாருக்கு சீமா சியென் எழுதுன வரலாறுதான் நமக்குக் கிடைச்ச பழைய வாழ்க்கைக் குறிப்பு, லாவோ ட்சு ஜோவ் வம்சத்து அரசவையில ஆவணங்களைப் பாத்துக்கிட்டவரு, கன்பூசியஸ் வந்து சந்திச்சாரு, நாடு கெட்டுப்போச்சுன்னு மேற்குப் பக்கம் கிளம்புனப்போ எல்லையில காவலாளி எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னு கேட்டான்னு எல்லாம் சொல்லிட்டு, கூடவே வேற ரெண்டு பேரோட பேரையும் சொல்லி அவங்களாவும் இருக்கலாம்னு கையைக் கழுவிடறாரு. கதையை விட மண்ணுக்கடியில கிடைச்சதுதான் சுவாரஸ்யம். 1973ல மாவாங்துய்ல கி.மு. 168ல மூடுன ஒரு கல்லறைக்குள்ள பட்டுத்துணியில எழுதுன ரெண்டு பிரதி கிடைச்சுது, அதுல பின்பாதி முன்னாடி இருந்துச்சு. 1993ல குவோதியென்ல இன்னும் பழசு, சுமார் கி.மு. 300, மூங்கில் பட்டைகள்ல, இப்ப இருக்கற புத்தகத்துல அஞ்சுல ரெண்டு பங்குக்குக் கிட்ட. அதுல 66க்கு மேல உள்ள அத்தியாயம் எதுவும் இல்ல, அதனால எனக்குப் பிடிச்ச 75உம் 78உம் இல்ல, ஆனா 17, 46, 57, 66 எல்லாம் இருக்கு. இன்னொண்ணு, 19வது அத்தியாயத்துல இரக்கத்தையும் அறத்தையும் தூக்கிப் போடுன்னு கன்பூசியஸ் ஆளுங்களைக் குத்துற வரி ரொம்பப் பிரபலம், குவோதியென்ல அந்த எடத்துல அது இல்ல, பாசாங்கையும் சூதையும் தூக்கிப் போடுன்னு இருக்கு. லாவோ ட்சுவுக்கும் கன்பூசியஸுக்கும் ஜென்மப் பகைன்னு நம்ம படிச்சது கொஞ்சம் பின்னாடி ஏத்துன காரமா இருக்கலாம்.

குடிச்சுக்கிட்டே ஆண்ட மந்திரி

இதெல்லாம் பேச்சுக்கு நல்லாருக்கு, எவனாவது ஆட்சியில செஞ்சு பாத்தானான்னா, பாத்தாங்க. ச்சின் பேரரசு கவுந்து, உள்நாட்டுப் போரும் முடிஞ்சு, ஹான் வம்சம் வந்தப்போ நாடு எப்படி இருந்துச்சுன்னா, ஒரே நிறத்துல நாலு குதிரை பேரரசருக்கே கிடைக்கல, தளபதிங்களும் மந்திரிங்களும் மாட்டு வண்டியில போனாங்கன்னு சீமா சியென் எழுதறாரு. அந்த நேரத்துல ட்சாவ் ஷென்னு ஒருத்தரு, முன்னாடி சிறை அதிகாரியா இருந்து, ஹானோட மொதல் பேரரசர்கூட சேந்து சண்டை போட்டு, உடம்புல 70 காயம் வாங்குனவரு, ச்சி பகுதியோட பொறுப்புக்கு வர்றாரு. ஜனங்களை எப்படி நிம்மதியா வச்சுக்கறதுன்னு படிச்சவங்களை நூத்துக்கணக்குல கூட்டி கேட்டிருக்காரு, ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அப்புறம் கய்ன்னு ஒரு முதியவரு, ஆட்சியில அமைதி முக்கியம், நீ அமைதியா இருந்தா ஜனங்க தானா நிலைப்படுவாங்கன்னு சொல்ல, தன் பெரிய கூடத்தையே அவருக்கு ஒழிச்சுக் குடுத்துட்டாரு. கி.மு. 193ல பெரிய மந்திரி சியாவ் ஹே செத்ததும் அந்தப் பதவிக்கு ட்சாவ் ஷென்னைக் கூப்பிட்டாங்க. போயி என்ன செஞ்சாரு தெரியுமா? ஒண்ணும் செய்யல. பழைய சட்டத்துல ஒரு எழுத்தை மாத்தல. யாராவது யோசனையோட வந்தா நல்ல மதுவை ஊத்திக் குடுப்பாரு, வாயைத் திறக்கப் போனா இன்னும் ஊத்துவாரு, வந்தவன் வந்த காரியத்தைச் சொல்லாமலே தள்ளாடிக்கிட்டுப் போயிடுவான். பக்கத்துக் குடியிருப்புல அரசாங்க எழுத்தருங்க குடிச்சுட்டுப் பாடிக்கிட்டு இருக்காங்கன்னு ஒருத்தன் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனானாம், காதுல விழுந்தா தண்டிப்பாருன்னு. இவரு அங்கயே மதுவை வரவழைச்சு உக்காந்து கூடச் சேந்து பாடியிருக்காரு.

இளம் பேரரசருக்கு இது பொறுக்கல. மந்திரியோட மகனை விட்டு கேக்கச் சொன்னாரு, மகனுக்கு 200 அடி விழுந்துச்சு. (தலையிடாக் கொள்கையெல்லாம் வீட்டுக்கு வெளியதான் போல.) அடுத்த நாள் பேரரசரே கேட்டாரு, ஏன்யா இப்படி? ட்சாவ் ஷென் திருப்பிக் கேட்டாரு, உங்க அப்பாவை விட நீங்க பெரியவரா? இல்ல. சியாவ் ஹேவை விட நான் கெட்டிக்காரனா? அப்படித் தெரியல. அப்போ அவங்க ரெண்டு பேரும் உலகத்தை அடக்கி சட்டத்தைத் தெளிவாப் போட்டு வச்சுட்டாங்க, நீங்க கையைக் கட்டிக்கிட்டு இருங்க, நாங்க எங்க வேலையைக் காப்பாத்திக்கறோம், சரிதானே? சரின்னுட்டாரு. வூ வெய் பத்தி நான் படிச்சதுல இதை விடத் தெளிவான விளக்கம் கிடையாது. சோம்பேறித்தனமும் இல்ல, தியானமும் இல்ல. அதிகாரத்துல உக்காந்தவனுக்கு எதையாவது செஞ்சு தன் பேரைப் பொறிக்கணும்னு ஒரு அரிப்பு வரும்ல, அதைச் சொறியாம இருக்கறது. நாலு மாசத்துக்கு ஒரு தடவை டீமைக் கலைச்சு அடுக்கற நம்ம மேனேஜருங்களை நினைச்சுக்கங்க.

இந்தப் போக்கு ரெண்டு தலைமுறைக்கு மேல ஓடுச்சு. கி.மு. 167ல வென் பேரரசர் நிலவரியையே தள்ளுபடி பண்ணாரு, பின்னாடி 30ல ஒரு பங்குன்னு திரும்ப வந்துச்சு. அவரோட மனைவி தோவ் பேரரசி தீவிர லாவோ ட்சு ரசிகை, யுவான் கூன்னு ஒரு கன்பூசிய அறிஞர் அந்தப் புத்தகத்தை வேலைக்காரங்க பேச்சுன்னு மட்டம் தட்டுனதுக்கு அவரைப் பன்னிப் பட்டிக்குள்ள இறக்கி பன்னியோட சண்டை போட விட்டாங்க. மகன் ஜிங் பேரரசர் பரிதாபப்பட்டு நல்ல கூரான ஆயுதம் ஒண்ணைக் குடுத்ததால மனுஷன் ஒரே குத்துல தப்பிச்சாரு. மென்மை ஜெயிக்கும்னு சொன்ன புத்தகத்துக்கு இப்படி ஒரு வக்கீல்.

ஆனா இதை அப்படியே கொண்டாடிட்டு முடிக்க முடியாது. அதே சீமா சியென், எழுபது வருஷம் கழிச்சு களஞ்சியம் நிரம்பி தானியம் வெளியில வழிஞ்சு மக்குச்சு, காசு கோத்த கயிறு இத்துப்போயி எண்ண முடியலன்னு எழுதிட்டு, கையோட, சட்டம் தளர்வா இருந்ததால பணக்காரங்க நிலத்தை வளைச்சு ஊர்ல அடாவடி பண்ணாங்கன்னும் எழுதறாரு. ராஜா கையைக் கட்டிக்கிட்டா எல்லாரும் தானா நேராயிடறதில்ல, அடுத்த பெரியவன் கையை நீட்டறான். புத்தகத்துக்குள்ளயே வேற ஒரு இருட்டும் இருக்கு. 3ல, ஜனங்களோட மனசைக் காலி பண்ணு, வயித்தை நிரப்புன்னு வருது. 65ல, தாவோவை அறிஞ்ச பழைய ஆளுங்க ஜனங்களுக்கு அறிவு குடுக்கல, வெகுளியாவே வச்சிருந்தாங்கன்னு வருது. வெகுளின்னா நல்ல அர்த்தம்தான்னு ரெண்டாயிரம் வருஷமா சமாதானம் சொல்லிட்டு வர்றாங்க, எனக்கு அது முழுசா இறங்கல. இறங்காதது எனக்கு மட்டுமில்ல போல, கி.மு. 233ல செத்த ஹான் ஃபெய், தண்டனையும் பரிசும் வச்சு ஜனங்களை ஆட்டி வைக்கறது எப்படின்னு எழுதுனவரு, அவரு பேருல இருக்கற புத்தகத்துலதான் லாவோ ட்சுவுக்கு நமக்குக் கிடைச்ச ரொம்பப் பழைய உரை இருக்கு. ராஜா அசையாம, விருப்பு வெறுப்பைக் காட்டாம, இருட்டுல உக்காந்துக்கிட்டு எல்லாரையும் கண்காணிக்கணும்னு அதுவும் ஒரு வூ வெய்தான். ராஜாவுக்குச் சொன்ன அறிவுரையை ராஜா எப்படி வேணா வளைச்சுக்குவான், அது அறிவுரையோட தலையெழுத்து.

கருவாட்டுக் கடையில வந்து பாரு

அதனாலதான் எனக்கு சுவாங் ட்சுங்கற இன்னொரு பழைய சீன ஞானி வேண்டியிருக்கு. தாவோயிசம்னதும் லாவோ ட்சு, இவருன்னு ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல சொல்லிடறோம், ஆனா இவங்களை ஒரே பள்ளியாக் கட்டுனது ஹான் காலத்துல, சீமா சியெனோட அப்பா சீமா டான் அந்தப் பேரை வச்சப்போதான். சுவாங் ட்சு புத்தகத்தோட கடைசி அத்தியாயமே ரெண்டு பேரையும் தனித்தனியாத்தான் பேசுது. சுவாங் ட்சுவுக்கு சோங் நாட்டுல மெங்ங்கற ஊரு, கி.மு. 4ம் நூற்றாண்டு, அரக்கு மரத் தோட்டத்துல ஒரு சின்ன உத்தியோகம். இவரு ராஜாவுக்கு அறிவுரை சொல்றதில்ல. ராஜாவைப் பாத்தா எழுந்து போயிடறாரு. சூ நாட்டு ராஜா ரெண்டு அதிகாரிங்களை அனுப்பி நாட்டைப் பாத்துக்கங்கன்னு கூப்பிடறாரு, இவரு தூண்டிலை விட்டுக் கண்ணை எடுக்காம, உங்க கோயில்ல மூவாயிரம் வருஷமா செத்துப்போன ஒரு ஆமையைத் துணியில சுத்தி பெட்டியில வச்சுக் கும்பிடறீங்களாமே, அந்த ஆமைக்கு அப்படி செத்துப் பெருமைப்படறது பிடிக்குமா, சேத்துல வாலை இழுத்துக்கிட்டு உயிரோட திரியறது பிடிக்குமான்னு கேக்கறாரு. சேத்துலதான்னு அவங்க சொல்ல, அப்போ கிளம்புங்க, நான் சேத்துல வாலை இழுத்துக்கிட்டு இருக்கேன்.

பட்டாம்பூச்சிக் கனவு, மாட்டை அறுக்கற சமையக்காரன் டிங், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது, விட்டுடறேன். எனக்கு அவரோட 4வது அத்தியாயம்தான். அதுல ஷூன்னு ஒரு ஊனமுற்றவரு வர்றாரு, முதுகு வளைஞ்சு தாடை தொப்புளுக்குள்ள புதைஞ்சிருக்கும். துணி தைச்சு, துவைச்சு, வயித்தைக் கழுவறாரு, தவிடு புடைச்சு பத்துப் பேருக்குச் சோறு போட முடியுது. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வரும்போது மத்தவங்க ஒளியறாங்க, இவரு கூட்டத்துக்கு நடுவுல கையை வீசிட்டு நடக்கறாரு. கட்டாய வேலைக்குக் கூப்பிடும்போது இவருக்கு விலக்கு. நோயாளிங்களுக்கு அரசாங்கம் தானியம் குடுக்கும்போது மூணு அளவையும் பத்துக் கட்டு விறகும் வாங்கிட்டுப் போறாரு. தலை எண்ணி ஆள் பிடிக்கற எந்திரத்தைப் பத்தி மேல சொன்னேன்ல, அந்த எந்திரத்தோட பல்லுல மாட்டாத உடம்பு இது. அதே அத்தியாயத்துல கோயில்ல நிக்கற பெரிய கருவாலி மரம், ஷிங்கற தச்சன் ஏறெடுத்தும் பாக்காம போறான், படகு செஞ்சா முழுகும், சவப்பெட்டி செஞ்சா இத்துப்போகும், தூண் வச்சா புழு அரிக்கும், உதவாக்கரைன்னு. ராத்திரி கனவுல மரம் வந்து பேசுது, எதோட என்னை ஒப்பிடறே? பழ மரத்தோடயா? பழுத்ததும் கிளையை முறிச்சுப் பிய்க்கறீங்களே, அதோட திறமையே அதைக் கொல்லுது. உதவாம இருக்கறதுக்கு நான் ரொம்ப நாளா பாடுபட்டிருக்கேன், நீயும் ஒரு பொருள், நானும் ஒரு பொருள், நீ யாரு எனக்கு மதிப்புப் போட? வருஷாவருஷம் அப்ரைசல்ல நமக்கு மதிப்பெண் போடும்போது இந்த மரத்தோட குரல் எனக்குக் கேக்கும், வெளியில சொல்றதில்ல.

இவரும் சொகுசா உக்காந்துக்கிட்டு இதையெல்லாம் பேசல. 26வது அத்தியாயத்துல வீட்டுல அரிசி இல்லாம ஒரு பிரபுகிட்ட தானியம் கடன் கேக்கப் போறாரு. அவன் சரிங்கறான், என் நிலத்து வரிப்பணம் வரப்போகுது, வந்ததும் 300 பொன் தர்றேன், சரியா? சுவாங் ட்சுவுக்கு மூஞ்சி சிவந்துடுது. நேத்து வர்ற வழியில வண்டித்தடத்துப் பள்ளத்துல ஒரு மீன் கிடந்து கூப்பிட்டுச்சு, கீழைக் கடலோட சிப்பந்தி நான், ஒரு செம்புத் தண்ணி இருந்தா என்னைக் காப்பாத்தேன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், தெற்க வூ, யுவே ராஜாங்களைப் பாக்கப் போறேன், மேற்கு ஆத்தையே திருப்பி உனக்கு விடச் சொல்றேன், சரியா? மீனுக்குக் கோவம் வந்துடுச்சு. எனக்கு வேண்டியது ஒரு செம்புத் தண்ணி, நீ இப்படிப் பேசறதுக்கு, பேசாம கருவாட்டுக் கடையில வந்து என்னைத் தேடு. தண்ணி மாதிரி இருன்னு அந்த மீன்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா? சொல்றவன் பக்கம்தான் ஆறு இருக்கு, வரிப்பணம் இருக்கு, மீன் பக்கம் காஞ்சுக்கிட்டு வர்ற ஒரு பள்ளம் இருக்கு. தாவோயிசம் அமைதியான மதம், கோவமே கிடையாதுன்னு நினைக்கறவங்க இந்த ஒரு கதையைப் படிக்கணும்.

அதுக்காக உதவாம இருந்தா தப்பிச்சுடலாம்னு அவரை வச்சு ஒரு ஃபார்முலா போட்டுடவும் முடியாது. 20வது அத்தியாயத்துல சிஷ்யங்களோட மலையில போறாரு, பிரயோஜனமில்லாததால வெட்டுப்படாத ஒரு மரத்தைக் காட்டி பாடம் சொல்றாரு. அன்னிக்கு ராத்திரி தங்குன வீட்டுல நண்பர் வாத்து அடிக்கச் சொல்றாரு, வேலைக்காரப் பையன் கேக்கறான், ஒண்ணு கத்தும், ஒண்ணு கத்தாது, எதை அறுக்க? கத்தாததை. மறுநாள் சிஷ்யங்க மடக்கறாங்க, நேத்து மரம் உதவாததால பொழைச்சுது, வாத்து உதவாததால செத்துச்சு, நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க? சிரிக்கறாரு, ரெண்டுக்கும் நடுவுல நிக்கலாம்னு சொல்றாரு, உடனே அதுவும் சரியாத் தெரியுதே தவிர சரியில்ல, அங்கயும் மாட்டிக்காம இருக்க முடியாதுன்னுட்டு வேற எங்கயோ போயிடறாரு. பெயர், புகழ், சாதனை எல்லாத்துக்கும் வெளிய மிதக்கறதைப் பத்தி அழகா நாலு வரி வருது, ஆனா வாத்துக்கு அதுல பதில் இல்ல. சிஷ்யங்க கேட்டது நியாயமான கேள்வி. ஆளைக் குறைக்கற ஊர்ல கத்தாத வாத்துக்குத்தான் மொதல் கத்தி, இது எங்க ஆபீஸ்லயும் நடந்துச்சு, கத்துன ரெண்டு பேரும் அடுத்த சுத்துல போனாங்க.

புதுசா படிக்க ஆரம்பிக்கறவங்களுக்கு என் கருத்து, தாவோ தே ஜிங்கை மொதல் அத்தியாயத்துலருந்து ஆரம்பிக்காதீங்க. சொல்லக்கூடிய தாவோ நிலையான தாவோ இல்லைன்னு ஆரம்பிக்கறதுலயே பாதிப் பேரு மயங்கிப் போயி மீதியை மந்திரம் மாதிரிப் படிக்கறாங்க. 75, 53, 57, 65, 17ன்னு போங்க, அப்புறம் 25, 5, கடைசியா 1. நடுவுல 65 வரும்போது கோவம் வந்தா தப்பில்ல. சுவாங் ட்சுவை 4ல ஆரம்பிச்சு 17, 26 படிங்க. 20ஐப் படிச்சுட்டு, சிஷ்யங்க கேட்டதுக்கு உங்களுக்கு ஏதாவது பதில் தோணுச்சுன்னா எனக்கும் சொல்லுங்க.